கிரகாம் பெல்லுக்கு அப்படியொரு காதலி இல்லை

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தினமும் ஒரு பிள்ளை ஒரு பொது அறிவுச் செய்தி சொல்ல வேண்டும். போன வாரம் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கிரகாம் பெல்லின் காதலி பெயர் மார்கரெட் ஹலோ, தொலைபேசியில் அவர் முதலில் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததால்தான் நாமும் ‘ஹலோ’ என்கிறோம் என்று சொன்னாள். பலத்த கைதட்டல். ஆங்கில ஆசிரியரோ அது புளுகு, எடிசன்தான் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தார் என்கிறார். இரண்டு நாள் கழித்து ஒரு மாணவனின் அப்பா வந்து, அதில் நரகத்தைக் குறிக்கும் ‘ஹெல்’ இருக்கிறது, பிள்ளைகளைச் சொல்லவிடாதீர்கள் என்றார். தலைமை ஆசிரியருக்கு இது எதுவும் பொருட்டில்லை. பிள்ளைகள் ‘ஹலோ சார்’ என்றால் மரியாதை இல்லை என்று கோபப்படுகிறார், அவ்வளவுதான். எது சரி? கூடவே ஒரு சொந்தச் சந்தேகம்: அலுவல் மின்னஞ்சலை ‘ஹலோ சார்’ என்று தொடங்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு, வணக்கம்.

மார்கரெட் ஹலோ எனக்கும் நன்றாகப் பழக்கமானவர். வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருவார், சில சமயம் கறுப்பு வெள்ளைப் படத்தோடு. ‘உலகமே பெல்லை மறந்தாலும் அவர் காதலியை மறக்கவில்லை’ என்கிற மாதிரி ஒரு முடிப்பும் இருக்கும். அகராதி வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த மாதிரிக் கதையைக் கண்டாலே கை தானாகப் பழைய பத்திரிகைகளைத் தேடிப் போகும். சாதாரணமான ஒரு சொல்லுக்கு ஓர் ஆள், ஒரு காதல், ஒரு சம்பவம் என்று எல்லாம் கச்சிதமாக அமைந்திருந்தால், அது பெரும்பாலும் பிற்பாடு யாரோ கட்டியதாகவே இருக்கும்.

முதலில் பெல்லின் வீட்டு விவகாரத்தை முடித்துவிடுவோம். அலெக்சாண்டர் கிரகாம் பெல் காது கேளாதவர்களுக்குப் பேச்சு கற்பித்த ஆசிரியர். அவருடைய தாய்க்கும் காது சரியாகக் கேட்காது. அவர் காதலித்ததும் மணந்ததும் மேபல் ஹப்பர்ட் என்ற பெண்ணை. மேபல் அவரிடம் படிக்க வந்தவர். ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் கேட்கும் திறனை இழந்தவர். 1877 ஜூலை 11 அன்று திருமணம். தொலைபேசிக் கம்பெனியில் தமக்கிருந்த பங்குகளில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் பெல் மனைவிக்குக் கல்யாணப் பரிசாக எழுதிக் கொடுத்துவிட்டார். ஆக, பெல்லின் காதலியைத் தொலைபேசியில் யார் எந்தப் பெயர் சொல்லி அழைத்திருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது. உண்மைக் கதை வாட்ஸ்அப் கதையைவிட நன்றாகத்தான் இருக்கிறது. இதை விட்டுவிட்டு மார்கரெட்டை ஏன் தேடிப் போனார்களோ தெரியவில்லை.

பெல் தொலைபேசியில் பேசிய முதல் வாசகமும் பதிவில் இருக்கிறது. 1876 மார்ச் 10, பாஸ்டன். பக்கத்து அறையில் இருந்த உதவியாளரிடம், “மிஸ்டர் வாட்சன், இங்கே வாங்க, உங்களைப் பார்க்கணும்” என்றார். அதில் ஹலோ இல்லை. பிற்பாடும் அவர் ஹலோவை விரும்பவில்லை. கப்பல்காரர்கள் ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலைக் கூப்பிட ‘அஹாய்’ என்று கத்துவார்கள். தொலைபேசிக்கும் அதுவே பொருத்தம் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சி தோற்றுவிட்டது.

இனி உங்கள் ஆங்கில ஆசிரியர். பாதி சரியாகச் சொல்கிறார். எடிசனுக்கு இதில் பெரிய பங்கு உண்டு, ஆனால் சொல்லை அவர் கண்டுபிடிக்கவில்லை. 1826ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வெளிவந்த நார்விச் கூரியர் என்ற செய்தித்தாளில் ஒருவன் இன்னொருவனை “ஹலோ, ஜிம்!” என்று கூப்பிடுகிறான், இன்று நாம் எழுதும் அதே எழுத்துக்கூட்டலில். எடிசன் பிறந்தது 1847 பிப்ரவரி. பெல் பிறந்தது அதே ஆண்டு மார்ச். இருவருமே பிறக்க இன்னும் இருபது வருடம் இருக்கும்போது ஹலோ அச்சில் ஏறிவிட்டது. தொலைபேசியிலிருந்துதான் ஹலோ பிறந்தது என்று சொல்லும் எல்லாக் கதைகளுக்கும் இந்த ஒரு தேதியே போதும். அங்கேரியர்களும் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். எடிசனோடு வேலை பார்த்த திவதார் புஷ்காஷ் என்ற அவர்கள் நாட்டுப் பொறியாளர் தம் மொழியில் ‘கேட்கிறது’ என்ற பொருளில் ‘ஹல்லோம்’ என்றாராம், அதுவே ஹலோ ஆயிற்றாம். புஷ்காஷ் நிஜமான ஆள், எடிசனோடு வேலை பார்த்ததும் நிஜம். ஆனால் 1826 அவருக்கும் முந்தியது.

பிள்ளைகளுக்கு இந்த வழியைக் கற்றுக் கொடுங்கள். ஒரு சொல் எப்படி வந்தது என்று யாராவது கதை சொன்னால், கதை எந்த ஆண்டில் நடக்கிறது, சொல் எந்த ஆண்டிலேயே எழுத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சொல் முந்தியிருந்தால் கதை அடிபட்டுப் போகும். இதற்கு ஆங்கிலப் புலமை வேண்டாம், கழித்தல் கணக்குத் தெரிந்தால் போதும்.

சரி, 1826க்கு முன்னால் என்ன? ஹலோ அப்போது ஒற்றைச் சொல்லாக இல்லை, ஒரு பெரிய குடும்பமாக இருந்தது. ஹாலோ, ஹல்லூ, ஹோலா, ஹுல்லோ. எச் எழுத்துக்கும் இரண்டு எல்லுக்கும் நடுவில் ஏ, ஈ, ஓ, யூ என்று எது வேண்டுமானாலும் வந்தது. பழைய ஆங்கில நாவல்களில் பிரிட்டிஷ்காரர்கள் ‘ஹுல்லோ’ என்று எழுதியிருப்பதை நீங்களே பார்த்திருக்கலாம்; அச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்திவிட வேண்டாம். இந்தக் குடும்பத்தின் பொது வேலை கூவுவது. வேட்டையில் நாய்களை ஏவிவிட ஹல்லூ என்று கத்தினார்கள். தூரத்தில் போகிறவனை நிறுத்தக் கத்தினார்கள். இன்னும் பின்னால் போனால், பழைய ஜெர்மன் மொழியில் ‘கொண்டு வா’ என்று பொருள்படும் ஒரு வினையின் ஏவல் வடிவம் இருக்கிறது. ஆற்றின் இக்கரையில் நின்றுகொண்டு அக்கரையில் இருக்கும் ஓடக்காரனைக் கூப்பிடத்தான் அது முக்கியமாகப் பயன்பட்டது என்று ஆங்கில அகராதிகள் குறிக்கின்றன. நம் ஊர்த் துறையில் நின்று கையை வாயருகே குவித்து “ஏ... பரிசலு!” என்று கத்துகிறார்களே, அதுதான் ஹலோவின் தாத்தா. வணக்கம் சொல்வதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எடிசன் வருவது இந்த இடத்தில்தான். 1877இல் தொலைபேசி எப்படி இருந்தது என்று கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். நம்பர் கிடையாது, டயல் கிடையாது. இரண்டு இடங்களுக்கு நடுவே ஒரு கம்பி, இந்த முனையில் ஒரு பெட்டி, அந்த முனையில் ஒரு பெட்டி. ஓர் அலுவலகத்துக்கும் அதன் கிடங்குக்கும் நடுவே இப்படி ஒரு கம்பியை இழுத்து, அதை எப்போதும் திறந்தே வைத்திருக்கலாம் என்பது அன்றைய யோசனை. ஆனால் அந்த முனையில் இருப்பவர் பெட்டியருகே உட்கார்ந்திருக்க மாட்டார், நாலடி தள்ளிக் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார். அவரைப் பெட்டிப் பக்கம் திருப்புவது எப்படி? மணி வைக்கலாமா என்று பேச்சு வந்தது. பிட்ஸ்பர்க் நகரில் ஒரு தந்திக் கம்பெனியின் தலைவராக இருந்த டேவிட் என்பவருக்கு எடிசன் 1877 ஆகஸ்ட் 15 அன்று ஒரு சின்னக் கடிதம் எழுதினார். சாரம் இவ்வளவுதான்: அழைப்பு மணி தேவைப்படாது என்று நினைக்கிறேன், ஹலோ என்றால் 10 முதல் 20 அடி தூரத்துக்குக் கேட்கிறது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

இந்தக் கடிதத்தைப் பழைய தொலைபேசிக் கம்பெனி ஆவணங்களுக்குள் தேடிக் கண்டெடுத்தவர் ஆலன் கோனிக்ஸ்பர்க். நியூயார்க்கின் புரூக்ளின் கல்லூரியில் பண்டைய கிரேக்க, லத்தீன் இலக்கியப் பேராசிரியர். 1992இல் செய்தி பத்திரிகைகளில் வந்தது. ‘ஹலோவைக் கண்டுபிடித்தவர் எடிசன்’ என்று பலரும் எழுத ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். எடிசன் அதில் புதுச் சொல் எதையும் முன்மொழியவில்லை, முகமன் கூறவும் சொல்லவில்லை. மணிக்குச் செலவு செய்வதற்குப் பதில் ஒரு கத்தல் போதும் என்கிறார். கத்துவதற்கு என்றே ஏற்கெனவே இருந்த சொல்லை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். அவருக்கும் காது மந்தம் என்பதை இந்த இடத்தில் நினைவுபடுத்திக்கொள்ள எனக்குப் பிடிக்கும்.

மணி விஷயத்தில் எடிசன் கணக்குத் தப்பிவிட்டது. பெல்லின் உதவியாளர் வாட்சனே சீக்கிரத்தில் நல்ல மணி ஒன்றைச் செய்துவிட்டார். ஆனால் மணி வந்த பிறகும் ஹலோ போகவில்லை, ஏனென்றால் அதற்குள் பலருடைய கம்பிகளை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, வேண்டியவரோடு இணைத்துவிடும் எக்ஸ்சேஞ்ச் வந்துவிட்டது. 1878 ஜனவரியில் கனெக்டிகட்டின் நியூ ஹேவன் நகரில் வணிக முறையில் முதல் எக்ஸ்சேஞ்ச் திறந்தது. அதே ஆண்டு நவம்பரில் சந்தாதாரர்களுக்குக் கொடுத்த கையேட்டில் எப்படிப் பேச வேண்டும் என்று விதிகளே போட்டிருந்தார்கள். ஒரு தடவைக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் பேசக்கூடாது. மணிக்கு இரண்டு தடவைக்கு மேல் பேச வேண்டுமென்றால் முன் அனுமதி வேண்டும். தொடங்கும்போது ‘ஹுல்லோவா’ என்று சொல்ல வேண்டும், முடிக்கும்போது ‘அவ்வளவுதான்’ என்று சொல்ல வேண்டும்! முதல் விதி காற்றில் போய்விட்டது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முடிக்கும் சொல்லும் நிற்கவில்லை. தொடங்கும் சொல் மட்டும் பிழைத்துக்கொண்டது.

எக்ஸ்சேஞ்சில் ஆரம்பத்தில் பையன்களைத்தான் வேலைக்கு வைத்தார்கள். அவர்கள் சந்தாதாரர்களிடம் எகிறிப் பேசினார்கள், திட்டினார்கள். 1878 செப்டம்பர் 1 அன்று பாஸ்டனில் எம்மா நட் முதல் பெண் ஆபரேட்டராகச் சேர்ந்தார். அதன்பின் அந்த வேலை பெண்களுக்கென்றே ஆகிவிட்டது. அமெரிக்காவில் அவர்களுக்குப் பெயரே ‘ஹலோ கேர்ள்ஸ்’. முதல் உலகப் போரின்போது பிரான்சில் அமெரிக்கப் படையின் தொலைபேசிப் பலகைகளை இயக்கப் போன 200க்கும் மேற்பட்ட பெண்களையும் அப்படித்தான் அழைத்தார்கள். சீருடை போட்டு, உறுதிமொழி எடுத்துப் போனவர்கள். ஊர் திரும்பிய பிறகு நீங்கள் ராணுவத்தினரே அல்ல என்று சொல்லிவிட்டார்கள். 1977இல்தான் அவர்களை முன்னாள் ராணுவத்தினராக ஒப்புக்கொள்ளும் சட்டம் வந்தது. அதற்குள் பெரும்பாலோர் காலமாகிவிட்டார்கள். உங்கள் மாணவிக்கு அடுத்த முறை வரும்போது சொல்ல ஒரு செய்தி வேண்டுமென்றால் இதைக் கொடுக்கலாம். மார்கரெட்டைவிட இவர்களுக்குக் கைதட்டு நியாயம்.

உலகம் முழுக்க எல்லோரும் ஹலோவைப் பிடித்துக்கொண்டார்கள் என்றும் இல்லை. இத்தாலியர்கள் ‘தயார்’ என்று பொருள்படும் ‘புரோன்டோ’ சொல்லி எடுப்பார்கள். ஜப்பானியர்கள் ‘மொஷி மொஷி’. ஜெர்மானியர் பலர் தம் குடும்பப் பெயரைச் சொல்லி எடுப்பார்கள். இங்கிலாந்திலேயே ரொம்ப நாளைக்கு “இருக்கீங்களா?” என்று கேட்டுத்தான் ஆரம்பித்தார்கள். எல்லாவற்றிலும் உள்ளே ஓடுவது ஒரே கேள்வி: கம்பியின் அந்தப் பக்கம் ஆள் உண்டா?

சென்னைக்குத் தொலைபேசி 1882இல் வந்தது, கல்கத்தா, பம்பாயோடு சேர்ந்து. ஹலோவும் கூடவே வந்து இறங்கியது. தமிழில் அது எப்படி உட்கார்ந்தது என்பதைக் கவனித்தால் உங்கள் தலைமை ஆசிரியரின் கோபத்துக்குக் காரணம் புரியும்.

டிரங்க் கால் போட்டுப் பேசிய காலத்தில் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி “ஹலோ... ஹலோ... கேக்குதா?” என்று கத்தியவர்கள் யாரும் அந்தப் பக்கத்துக்கு முகமன் சொல்லவில்லை. இப்போதும் பேச்சின் நடுவே சிக்னல் போனால் “ஹலோ, ஹலோ” என்கிறோம். எவ்வளவு தமிழ்ப் பற்று உள்ளவரும் அந்த நேரத்தில் “வணக்கம், வணக்கம்” என்று சொல்லிப் பார்த்ததில்லை. திருவிழாவில் ரேடியோ செட்டுக்காரர் “ஹலோ, மைக் டெஸ்டிங்” என்பாரே, அதுவும் இதே வேலைதான். வணக்கம் ஆளுக்கு, ஹலோ லைனுக்கு. 2022 அக்டோபரில் மகாராஷ்டிர அரசு தன் ஊழியர்கள் தொலைபேசியில் ஹலோவுக்குப் பதில் ‘வந்தே மாதரம்’ சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. எடுத்தவுடன் சொல்ல எந்தச் சொல்லையும் வைத்துக்கொள்ளலாம். லைன் விட்டுப் போகும்போது வாயில் எது வருகிறது என்பதை ஆணை போட்டு மாற்றுவது கஷ்டம்.

தொலைபேசிக்கு வெளியே ஹலோவுக்குத் தமிழில் இன்னொரு வாழ்க்கை இருக்கிறது. ரேஷன் கடை வரிசையில் ஒருவர் நடுவில் புகுந்தால் பின்னாலிருந்து “ஹலோ! நாங்கள்லாம் நிக்கிறது தெரியலையா?” என்று வரும். பஸ்ஸில் காலை மிதித்தால் “ஹலோ, பார்த்து நில்லுங்க.” சண்டைக்கு முதல் மணியே சில இடங்களில் “ஹலோ மிஸ்டர்”தான். இதை ஆங்கிலம் தெரியாதவர்களின் கொச்சை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவனை நிறுத்த, திரும்பிப் பார்க்கவைக்கக் கத்துவதுதான் அந்தச் சொல் செய்துவந்த பழைய வேலை. நார்விச் கூரியரில் ஜிம்மைக் கூப்பிட்டவனும் அதைத்தான் செய்தான். நம் ரேஷன் கடை ஹலோ, கார்ப்பரேட் வரவேற்பறை ஹலோவைவிட மூலத்துக்கு நெருக்கமானது.

ஆகவே தலைமை ஆசிரியர் காதில் விழுவது இந்த இரண்டாவது ஹலோ. பிள்ளைகள் வாயிலிருந்து வருவது ஆங்கிலப் பாடத்தில் படித்த முகமன். இரண்டு பேரிலும் தப்பில்லை. அவருக்குத் துணையாக இன்னொன்றும் சொல்கிறேன்: ஆங்கிலத்திலும் ஹலோ சமமானவர்களுக்கு நடுவே புழங்கும் சொல். மாணவர் ஆசிரியரைப் பார்த்தால் ‘குட் மார்னிங் சார்’ என்பதே ஆங்கில வழக்கிலும் பொருத்தம். தமிழில் ‘வணக்கம் ஐயா’ இருக்கிறது. பிள்ளைகளிடம் “மரியாதை இல்லை” என்று திட்டுவதற்குப் பதில், ஹலோ நண்பர்களுக்கு, வணக்கம் ஆசிரியர்களுக்கு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் முடிந்தது.

நரகம் பற்றிக் கேட்ட அப்பாவுக்கு: ‘ஹெல்’ வேறு வேர், ஹலோ வேறு வேர். மேலே சொன்ன ஹாலோ, ஹோலா, ஹுல்லோ எதிலும் நரகம் இல்லை. ஈ எழுத்து வந்து உட்கார்ந்த பிறகு தற்செயலாக அப்படித் தெரிகிறது. இந்தப் பயம் அவருக்கு மட்டும் வந்ததல்ல. 1997இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கிளீபர்க் கவுண்டி நிர்வாகம் இதே காரணத்துக்காக, நரகத்துக்குப் பதில் சொர்க்கத்தை வைத்து ‘ஹெவன்-ஓ’ என்பதை அதிகாரபூர்வ முகமனாகத் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்டது. உலகம் அதைப் பின்பற்றவில்லை என்பது உங்களுக்கே தெரியும். அவரிடம் வாதாட வேண்டாம். வீட்டில் வணக்கம் சொல்லிப் பழக்குங்கள் என்று சொல்லிவிடுங்கள், அவருக்கும் திருப்தி.

கடைசியாக உங்கள் மின்னஞ்சல். வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதுவது தமிழில்தான் என்றால் பிரச்சினையே இல்லை: ‘மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்’. ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்தால் ‘டியர் சார்’ போதும். ‘ரெஸ்பெக்டட் சார்’ நம் நாட்டு வழக்கம். வெளிநாட்டவருக்கு விநோதமாகத் தெரியும், நம் அலுவலகங்களில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ‘ஹலோ சார்’ வேண்டாம். ஹலோ தோளில் கை போடுகிறது, சார் இரண்டடி தள்ளி நிற்கிறது, இரண்டும் ஒரே வரியில் ஒட்டாது. பயிற்சியில் சந்தித்த வேறு பள்ளி ஆசிரியர், பதிப்பகத்தில் உங்களுக்குத் தெரிந்தவர், வெளிநாட்டில் கூட்டுத் திட்டத்தில் வேலை செய்யும் சக ஆசிரியர் இவர்களுக்கெல்லாம் ‘ஹலோ’ போட்டுப் பக்கத்தில் பெயரை எழுதலாம். ‘டியர்’ அளவுக்கு விறைப்பில்லை, ‘ஹாய்’ அளவுக்கு உரிமையும் இல்லை. இலக்கணப்படி ஹலோவுக்கும் பெயருக்கும் நடுவே ஒரு காற்புள்ளி வர வேண்டும். மின்னஞ்சலில் இப்போது பெரும்பாலோர் அதை விட்டுவிடுகிறார்கள், நானும் விட்டுவிடுகிறேன். மாணவர் கட்டுரையில் வந்தால் மட்டும் போடச் சொல்லுங்கள். தேர்வுத்தாள் திருத்துகிறவர் எந்தக் கட்சி என்று நமக்குத் தெரியாது.